கண்ணுக்கு மறைகிற வரைக்கும்

எங்கள் வீட்டுக்குக் கேஸ் சிலிண்டர் கொண்டு வருகிற தம்பியைக்கூட நின்று வழியனுப்பிய ஒரே ஆள் எங்கள் மேல்வீட்டம்மாதான். அவன் காலி சிலிண்டரை உருட்டிக்கொண்டு போய் வண்டியில் ஏற்றி, வண்டி டீக்கடை முக்குத் திரும்பி மறைகிற வரைக்கும் மாடிப்படியில் நின்றுகொண்டிருப்பார். ஒரு நாள் அவன் என்னிடம் கேட்டே விட்டான்.

"ஏங்க்கா, அந்தம்மா என்னையச் சந்தேகப்படுதா? போகும்போது முதுகையே பாக்குது."

"சந்தேகமெல்லாம் இல்லப்பா. அது அவங்க வழக்கம். நீ பாட்டுக்குப் போ."

"போறேங்க்கா. ஆனா கூச்சமா இருக்கு. எங்க அம்மாகூட எனக்கு இம்புட்டு நேரம் நின்னதில்ல."

அதற்கப்புறம் அவன் முக்குத் திரும்பும்போது ஒரு ஹார்ன் அடிக்க ஆரம்பித்தான். அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் மேல்வீட்டம்மா மிச்சப் படியேறி உள்ளே போவார்.

எங்கள் வீடு காளவாசலில், மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. என் வீட்டுக்காரர் மாவு மில் வைத்திருக்கிறார். கீழே நாங்கள் இருந்துகொண்டு மாடியை வாடகைக்கு விட்டிருந்தோம். திருட்டுப் பயத்தில் என் வீட்டுக்காரர் காம்பவுண்டுச் சுவரை ஆள் உயரத்துக்கும் மேலே எழுப்பிவிட்டார். முற்றத்தில் நின்றால் தெருவே தெரியாது. ஆனால் வெளிப்பக்கமாக ஏறுகிற மாடிப்படியில் பாதி ஏறிவிட்டால், சுவருக்கு மேலே தெரு முழுக்கத் தெரியும். அந்தப் பாதிப் படிதான் மேல்வீட்டம்மாவின் இடம். கைப்பிடிக் கம்பியில் ஒரு கை. மற்ற கையால் டாட்டா காட்ட மாட்டார். சும்மா நிற்பார்.

வயது ஐம்பது தாண்டியிருக்கும். கட்டடங்களுக்குப் பிளான் போடுகிற வேலை, பைபாஸ் ரோட்டில் ஆபீஸ். தனியாள். தெருவில் ஆளுக்கு ஒரு கதை சொன்னார்கள். வீட்டுக்காரர் விட்டுவிட்டுப் போனார் என்பார்கள், கல்யாணமே ஆகவில்லை என்பார்கள். நான் பத்தாம் வகுப்போடு நின்றவள். இந்த மாதிரிப் படித்த பெண்பிள்ளையிடம் எதைக் கேட்கலாம் எதைக் கேட்கக் கூடாது என்று எனக்குத் தெரியாது. இருந்தாலும் ஒரு நாள் மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது கேட்டேன்.

"அக்கா, தப்பா நெனைக்காதீங்க. வாரவங்க போறவங்க எல்லாருக்கும் ஏன் இப்படி நிக்கிறீங்க?"

அவர் ஈரச் சேலையை உதறிக்கொண்டே சொன்னார். "முகத்தப் பாத்துப் பேசிட்டு இருக்கும்போது அவங்க போகப்போறாங்கன்னே எனக்குத் தோணாது தங்கச்சி. முதுகு தெரிஞ்சு, அப்புறம் முதுகும் தெரியாமப் போனாத்தான் மனசு ஒத்துக்குது. இல்லேன்னா நாள் பூரா யாரோ வாசல்ல நிக்கிற மாதிரியே இருக்கு."

அதற்கு மேல் நான் தோண்டவில்லை. அடுத்தவர் சாமியறைக்குள் நாம் செருப்புக் காலோடு போவோமா?

என் வீட்டுக்காரர் மட்டும் சும்மா இருக்க மாட்டார். மில்லுக்குக் கிளம்பும்போது அவருக்கும் அந்த மரியாதை உண்டு. "ஏம்மா, நான் தெருக்கோடி மில்லுக்குப் போறேன். காசிக்கா போறேன்?" என்பார்.

"போயிட்டு வாங்க தம்பி," என்பார் மேல்வீட்டம்மா. ஆனால் இடத்தை விட்டு நகர மாட்டார்.

என் மகள் அப்போது காலேஜில் படித்துக்கொண்டிருந்தாள். அவள் முதல் தடவையாக ஒரு வாரம் டூர் போன அன்றைக்கு, மத்தியானம் வரைக்கும் நான் வாசல் கூட்டவில்லை. பக்கத்து வீட்டு வேப்பமரம் உதிர்த்த சருகு முற்றம் முழுக்கக் கிடந்தது. ஆபீஸிலிருந்து சாப்பிட வந்த மேல்வீட்டம்மா, "என்ன தங்கச்சி, உடம்புக்கு முடியலையா? விளக்குமாறு ஒரு பக்கம் கிடக்கு, நீங்க ஒரு பக்கம் உக்காந்திருக்கீங்க," என்றார்.

"பாப்பா ஊருக்குப் போயிருக்கால்லக்கா. போனவங்க எல்லை தாண்டுற வரைக்கும் வீடு கூட்டக் கூடாது. கூட்டுனா அவங்களையும் சேத்து வெளிய தள்ளுன மாதிரி."

"எல்லை தாண்டிட்டாங்கன்னு எப்படித் தெரியும்?"

நான் திருதிருவென்று விழித்தேன். இதுவரைக்கும் யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. "தெரியாதுக்கா. நான் மீனாட்சி படத்துக்கு முன்னால ஒரு சூடம் ஏத்துவேன். அது அமந்ததும், தாயே நீ பாத்துக்கன்னு சொல்லிட்டுக் கூட்டிருவேன். இன்னைக்கு என்னமோ சூடம் அமந்தும் கை வரலை."

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. என் பக்கத்தில் சுவரோரமாக உட்கார்ந்தார். சாப்பிடக்கூடப் போகாமல் அந்தச் சருகையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "தெரிஞ்சா நல்லா இருக்கும்ல," என்றார். அவ்வளவுதான்.

அந்தச் சமயத்தில்தான் அவர் கையில் ஒரு விமான நிலைய வேலை இருந்தது. எங்கள் ஊரிலிருந்து அரை நாள் பயணத்தில், மலையை ஒட்டின ஒரு சின்ன ஊருக்கு ஒரு சின்ன விமான நிலையம். ஊர்ப் பேரை நான் எழுதவில்லை. அந்த இடத்தைப் பார்க்க அடிக்கடி பஸ்ஸில் போய் வருவார். திரும்பி வரும்போது சேலை விளிம்பெல்லாம் செம்மண். கால் வீங்கியிருக்கும். நான் வெந்நீரில் கல் உப்புப் போட்டுக் கொடுப்பேன். காலை வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வார்.

"இடம் சரிவு தங்கச்சி. ரோடு மேல இருக்கு, பிளேன் ஓடுற தரை கீழ கிடக்கு. நடுவுல நான் கட்டடத்த வைக்கணும்."

"மண்ணடிச்சு மேவிட வேண்டியதுதானக்கா? நாங்க இந்த வீட்டுக்கு அப்படித்தான பண்ணோம்?"

"எல்லாரும் அதத்தான் சொல்றாங்க," என்று கண்ணைத் திறக்காமலே சொன்னார்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னிடம் ஜவுளிக்கடை அட்டைப் பெட்டி இருக்கிறதா என்று கேட்டார். சேலை வாங்கின பெட்டிகளைக் கொடுத்தேன். அதை வெட்டி ஒன்றின் மேல் ஒன்று ஒட்டிச் சரிவு மாதிரி செய்தார். மேலே ஒரு கட்டடம், அதிலிருந்து சறுக்குப் பாதையாக இறங்கினால் கீழே ஒரு நீளத் தரை. கட்டடத்துக்குப் பக்கத்தில் சரிவை அப்படியே விட்டு, தெப்பக்குளத்தில் இருக்கிற மாதிரி அகல அகலமாகப் படி வைத்திருந்தார். எல்லாப் படியும் ஓடுதரையைப் பார்த்த மாதிரி.

"மொச்சைப் பயறு இருக்கா தங்கச்சி? கறுப்புல கொஞ்சம், வெள்ளையில கொஞ்சம்."

கொண்டு போய்க் கொடுத்தேன். ஒரே ஒரு கறுப்பு மொச்சையை எடுத்து வாசலில் வைத்தார். அதைச் சுற்றி ஒரு கை வெள்ளை மொச்சையைக் கொட்டினார்.

"கறுப்பு, ஊருக்குப் போற ஆளு. வெள்ளை, அனுப்பி வைக்க வந்தவங்க. நம்ம பக்கம் ஒரு பையன் வெளிநாட்டுக்குப் போனா எப்படி வருவாங்க?"

"ஒரு வேன் நிறைய வருவாங்க. குலசாமி விபூதி, புளியோதரை, அழுகிற பச்சப்புள்ள எல்லாம் வரும்."

"கறுப்ப மட்டும்தான் உள்ள விடுவாங்க. வெள்ளை எங்க போகும்?"

அவர் வெள்ளை மொச்சைகளைத் தள்ளிக்கொண்டு போய் அந்த அகலப் படிகளில் வரிசையாக உட்கார வைத்தார். கறுப்பு மொச்சையைச் சறுக்குப் பாதையில் இறக்கி, ஓடுதரையின் கோடிக்குத் தள்ளினார். அங்கே அது கட்டடத்துக்குப் பின்னால் மறைந்தது.

"போயிருச்சாக்கா?"

"இல்ல. பிளேன் கோடிக்குப் போய்த் திரும்பும். திரும்புனதுக்கு அப்புறந்தான் வேகமா ஓடி வரும், ஏறும். முதல் தடவை மறையும்போது எந்திரிச்சுப் போயிறக் கூடாது." மொச்சையைத் திருப்பி, படிகளுக்கு நேரே ஓட்டி, விரலால் தூக்கிக்கொண்டு ஜன்னல் வரைக்கும் போனார். அந்த வயதில் ஒரு பொம்பளை மொச்சைப் பயறைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் நடக்கிறதைப் பார்க்கச் சிரிப்பாக வந்தது. அவர் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு ஒரு சாயங்காலம் என்னையும் கூட்டிக்கொண்டு ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் போனார். எந்த ஊருக்கும் போக இல்லை. ஜனங்கள் எப்படி அனுப்புகிறார்கள் என்று பார்க்கத்தான். கம்பம் பஸ்ஸில் ஒரு புதுப்பொண்ணு ஏறி உட்கார்ந்திருந்தாள். அவள் அம்மா ஜன்னல் வழியாக வாழைப்பழம் கொடுத்தாள், தண்ணி பாட்டில் கொடுத்தாள், பிறகு கொடுக்க ஒன்றுமில்லாமல் தன் கைக்குட்டையைக் கொடுத்தாள். பஸ் நகர்ந்தது. அந்த அம்மா ஜன்னலைப் பிடித்தபடி கூடவே நடந்தாள். "மாத்திரையப் போட்டியாடி? போட்டியா இல்லையா?" என்று கத்திக்கொண்டே ஓடினாள். பஸ் ரோட்டில் ஏறித் திரும்பினது. அந்த அம்மா நின்றுவிட்டாள்.

மேல்வீட்டம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். "கடைசிப் பேச்செல்லாம் ஜன்னல்லதான் நடக்குது, பாத்தீங்களா? பிளேன்ல ஜன்னல் திறக்காது தங்கச்சி. கூட ஓடவும் முடியாது. பாக்கவாச்சும் விடணும்."

அவர் ஆபீஸ் பெரியவர் ஒரு தடவை எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். நல்ல மனிதர்தான், ஆனால் களைத்துப் போயிருந்தார். வேலை கொடுத்தவர்கள் பிளானைத் திருப்பித் திருப்பி அனுப்புகிறார்களாம். நான் காபி கொண்டு போனபோது இரண்டு பேரும் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

"மேடம், கீழ்ப்பக்கம் மேவி, சமம் பண்ணி, பெட்டி மாதிரி ஒரு கட்டடம். முடிஞ்சது கதை. டிக்கெட் எடுக்காதவனுக்கு நாம எதுக்கு இடம் கட்டணும்?"

"டிக்கெட் எடுத்துக் குடுத்ததே அவங்கதான சார்."

"பேச நல்லாத்தான் இருக்கு. பாதுகாப்புக்காரங்க ஓடுதரைய ஒட்டி ஆள் உயரச் சுவர் கேக்குறாங்க. சுவரக் கட்டுனா உங்க படியில உக்காந்தவன் எதப் பாப்பான்? சுவரையா?"

மேல்வீட்டம்மா எழுந்தார். "வாங்க சார்," என்று அவரைக் கீழே முற்றத்துக்குக் கூட்டி வந்தார். நான் காபித் தட்டோடு பின்னாலேயே போனேன்.

"இங்க நின்னு தெருவப் பாருங்க."

"சுவருதான் தெரியுது மேடம்."

"இப்ப இப்படி வாங்க." மாடிப்படியில் பாதி ஏற்றினார். "இப்ப?"

பெரியவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "டீக்கடை தெரியுது. அந்தாண்ட ஒரு ஆடு நிக்கிறது தெரியுது."

"சுவரு அதேதான் சார். நாம மேல வந்திருக்கோம். அவங்க கேக்குற சுவரக் கட்டிக்கட்டும், சரிவோட அடியில கட்டட்டும். மேல உக்காந்தவங்க கண்ணு சுவரத் தாண்டிப் போயிரும். மேவிட்டோம்னா ஜனமும் சுவரும் ஒரே மட்டத்துக்கு வந்துரும், அப்புறம் சுவரத்தான் பாக்கணும். எதை வேணும்னாலும் வெட்டுங்க. சரிவ மட்டும் மேவாதீங்க."

பெரியவர் காபியைப் படியில் நின்றே குடித்தார். "என்னமோ பண்ணுங்க மேடம். எனக்கும் பேசிப் பேசி அலுத்துப் போச்சு," என்று சொல்லிவிட்டுக் கார் ஏறினார். மேல்வீட்டம்மா அதே படியில் நின்றார். முக்குத் திரும்பும்போது பெரியவர் கார் ஜன்னலிலிருந்து தலையை நீட்டித் திரும்பிப் பார்த்தார். அதை நானும் பார்த்தேன்.

அவர்கள் நிஜமாகவே எல்லாவற்றையும் வெட்டினார்கள். ஒவ்வொரு தடவையும் பிளான் சிவப்புக் கோட்டோடு திரும்பி வரும். படிகளுக்கு மேலே இருந்த கூரை போனது. தண்ணீர்க் குழாய் போனது. வரிசையாக வைத்த மரங்களில் ஒன்று தவிர எல்லாம் போனது. அப்புறம் பாதிப் படிகளை வண்டி நிறுத்துகிற இடத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். அன்றைக்கு அவர் வெந்நீரில் வைத்த காலை எடுக்கவே இல்லை. தண்ணீர் ஆறியே போய்விட்டது.

"விட்டுருங்கக்கா. உடம்பு என்னத்துக்கு ஆகும்? சம்பளம் ஒண்ணுதான. அவங்க சொன்னபடி வரைஞ்சு குடுத்துட்டுப் போங்க."

"எல்லாத்தையும் குடுத்துட்டேன் தங்கச்சி. சரிவ மட்டும்தான் கையில பிடிச்சு வச்சிருக்கேன். இதையும் குடுத்துட்டா நான் வரைஞ்சதே இல்லேன்னு ஆயிரும்." பிறகு மொச்சை டப்பாவை என்னிடம் நீட்டினார். "இத வச்சு இனிமே யாருக்கும் காட்ட வேண்டியதில்ல. குழம்பு வச்சிருங்க."

குழம்புதான் வைத்தேன். கத்தரிக்காய் போட்டு. அவருக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தேன். நன்றாக இருக்கிறது என்று சாப்பிட்டார்.

அங்கே கட்டட வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாலேயே அவருக்கு முழங்கால் ரொம்ப மோசமாகிவிட்டது. எங்கள் மாடிப்படி ஏறவே முடியவில்லை. கோயம்புத்தூரில் இருந்த தங்கை வந்து கூட்டிப் போனாள். சாமான் வண்டி முன்னால் போனது. அவர் ஆட்டோவில் ஏறினபோது நானும் மகளும் அந்தப் பாதிப் படியில் நின்றோம். எத்தனையோ பேரை நின்று அனுப்பின மனுஷிக்கு, தன்னை ஒருவர் நின்று அனுப்புகிறதைத் தாங்கத் தெரியவில்லை. கையைக் காலை எங்கே வைப்பது என்று தெரியாமல், "உள்ள போங்க, வெயிலு. போங்க தங்கச்சி," என்று விரட்டினார்.

ஆட்டோ கிளம்பினது. அடுப்பில் பால் வைத்த ஞாபகம் வந்து நான் இறங்கப் போனேன். எனக்குப் பின்னால் வந்து நின்ற என் வீட்டுக்காரர், இத்தனை நாள் கேலி பண்ணின மனுஷன், "இருடி. முக்குத் திரும்பட்டும்," என்றார்.

முக்கில் ஆட்டோ ஒரு ஹார்ன் அடித்தது. கேஸ் தம்பி அடிக்கிற மாதிரியே. மேல்வீட்டம்மாதான் அடிக்கச் சொல்லியிருக்க வேண்டும். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்து கிடந்தது. அன்றைக்கு இருட்டுகிற வரைக்கும் நான் வாசல் கூட்டவில்லை.

கொஞ்ச நாள் போனில் பேசிக்கொண்டிருந்தோம். பிறகு அந்த நம்பரில் வேறு யாரோ எடுத்தார்கள். இருக்கிறாரா இல்லையா என்று எனக்குத் தெரியாது. வெள்ளிக்கிழமை விளக்கேற்றும்போது அவர் பேரையும் ஒரு தடவை மீனாட்சித் தாயிடம் சொல்லி வைப்பேன்.

அதற்கப்புறம் எங்களுக்கும் வயதாகிவிட்டது. மகளுக்கு வரன் பார்த்து அலைந்ததில் என் கால் தேய்ந்தது. கடைசியில் அமைந்தது எங்கே என்றால், அந்த மலையடிவார ஊரிலேயே ஒரு குடும்பம். நான் தேடிப் போகவில்லை, மீனாட்சி கொண்டு போய் விட்டாள். மாப்பிள்ளைக்கு வெளிநாட்டில் வேலை. போன மாதம் என் மகளும் அவரோடு கிளம்பினாள். அந்தச் சின்ன விமான நிலையத்தில் ஏறி, பெரிய ஊரில் மாறிப் போக வேண்டும்.

சம்பந்தியம்மாவுக்கு மூட்டு வலி. அவர் வீட்டிலேயே இருந்துகொண்டார். "நீங்க போய் அனுப்பிட்டு வாங்க. புள்ளைக எல்லை தாண்டட்டும், அதுவரைக்கும் விளக்குமாறத் தொட மாட்டேன்," என்றார். அந்த வீட்டிலும் அதே வழக்கம்தான்.

வாசலில் மகளைக் கட்டிப் பிடித்தேன். உள்ளே விடுகிற போலீஸ்காரப் பையன், "அம்மா, டிக்கெட் உள்ளவங்க மட்டும்," என்றான். மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் காதில் சொன்னாள். "மேல்வீட்டுப் பெரியம்மா மாதிரி நிக்கப்போறியாம்மா?"

"போடி. போயிட்டு வாரேன்னு சொல்லு."

"போயிட்டு வாரேம்மா."

கதவு மூடிக்கொண்டது. பக்கவாட்டில் போய்ப் பார்த்தேன். சரிவு இருந்தது. மேவவில்லை. பாதி இடத்தில் பைக்குகள் நின்றன. மீதியில் அகல அகலமாகப் படிகள். காலி பாட்டில்களும் ஒரு வைரம் பாய்ந்த பூவரச மரமும். அடியில் சுவர், அதன் மேல் முள்கம்பி. என் வீட்டுக்காரர் மூச்சு வாங்க உட்கார்ந்தார். சுவருக்கு மேலே ஓடுதரை முழுக்கத் தெரிந்தது.

மகனை அனுப்ப வந்த ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டார். "எவன் இப்படிக் கோணலாக் கட்டுனது? சமமா மேவியிருந்தா காரை இங்கனயே விட்டிருக்கலாம். கிறுக்குப் பயலுக."

என் வீட்டுக்காரர் அவரை முறைத்தார். நான் இவர் கையை அமுக்கினேன்.

விமானம் நகர்ந்தது. மெதுவாக, மாட்டுவண்டி மாதிரி, கோடிக்குப் போனது. கட்டடத்துக்குப் பின்னால் மறைந்தது. ஜனங்கள் எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டார்கள். அந்த மனிதரும் எழுந்துவிட்டார். "அம்புட்டுத்தான். போயிட்டான்," என்று சொல்லிக்கொண்டே கார் சாவியைத் தேடினார்.

"உக்காருங்கண்ணே," என்றேன். "போகல. கோடிக்குப் போய்த் திரும்பும். திரும்பித்தான் ஓடி வரும்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

மொச்சைப் பயறைப் பற்றி அவரிடம் என்ன சொல்ல? "இருங்க," என்றேன்.

அவர் உட்காரவில்லை. ஆனால் போகவும் இல்லை. படிகளில் உச்சிக்கு ஏறி நின்றார். சத்தம் வந்தது. விமானம் திரும்பி வந்தது, எங்களுக்கு நேர் முன்னால், அந்தச் சுவருக்கு மேலே, ஜன்னல் ஜன்னலாகத் தெரிய ஓடியது. எந்த ஜன்னலில் என் மகள் என்று தெரியவில்லை. அந்த மனிதர் மேலேயிருந்து மகன் பேரைச் சொல்லிக் கத்தினார். யாருக்குக் கேட்கும்? கத்தினார். அது தரையை விட்டது. மலைக்கு மேலே ஏறினது. வெள்ளையாக இருந்தது, புள்ளியானது. அப்புறம் என் வீட்டுக்காரர், "இருக்கு, இன்னும் தெரியுது," என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அப்புறம் அவரும் சொல்லவில்லை.

நான் போனை எடுத்தேன்.

"சம்பந்தியம்மா, கண்ணால பாத்துட்டேன். எல்லை தாண்டிருச்சு. நீங்க வாசலக் கூட்டலாம்."